மூத்தாரின் ஆர்மோனியத்தைக் குறைப்பது

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனின் நாடகக் குழு ஆயுதபூஜைக்குப் போடப்போகும் நாடகத்துக்குத் தொடக்க இசையை டேப்பில் பதிந்துவிடலாம் என்று என் மூத்தார் முடிவு செய்தார். என் கணவரின் அண்ணன் அவர். குழுவுக்குத் தலைவரும் அவர்தான். கதை எழுதுவார், வசனம் சொல்லிக்கொடுப்பார், ஆர்மோனியம் வாசிப்பார். அந்த வருஷம் ராஜா வேஷமும் அவருக்கே என்று ஆனதில்தான் சிக்கல் வந்தது. கிரீடம் வைத்துக்கொண்டு ஆர்மோனியத்தின் முன்னால் வந்து உட்கார முடியாது. என் கணவருக்கோ நாடகத்தன்று ரெண்டாம் ஷிப்ட். மத்தியானம் கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினால் நாடகம் முடிந்த பிறகுதான் மேலே வருவார். அவருடைய கிடார் இல்லாமல் அந்த இசையே இல்லை.

"டேப்பு எடுத்துடலாம். ஒரு தபா நல்லா வாசிச்சு வெச்சுட்டா, நாம எங்க இருந்தா இன்னா?" என்றார் மூத்தார். அதற்கு மறுபேச்சு இல்லை. எங்கள் வீட்டில் அவர் சொன்ன எதற்கும் மறுபேச்சு இருந்ததில்லை. மாமனார் சுரங்கத் தூசியால் இருமி இருமிச் செத்தபோது என் கணவருக்கு மீசை முளைக்கவில்லை. தம்பியைப் படிக்கவைத்ததும், வேலையில் சேர்த்ததும், குடியாத்தம் வந்து என்னைப் பெண் பார்த்துப் பேசி முடித்ததும் அவர்தான்.

மைசூர் மைன்ஸ் லைனில் எங்கள் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் சுவரென்று ஒன்றும் கிடையாது. மண் பூசிய மூங்கில் தட்டிதான். இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் என் ஓரகத்தி "இன்னாடி ஒடச்ச?" என்பாள். அதனால் புருஷன் பெண்டாட்டி சண்டைகூட நாங்கள் குசுகுசுவென்றுதான் போட்டோம்.

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. பிறந்த வீட்டிலேயே காலில் சக்கரம் கட்டினவள் என்று பேர். இங்கே வந்த பிறகு அது இன்னும் மோசமாயிற்று. குடியாத்தத்தில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் உண்டு, ஆனால் விளக்கு வைத்தால் நின்றுவிடும். இங்கே கல்லை இடிக்கும் மில் நிற்பதே இல்லை. நடுநடுவே பூமிக்கு அடியில் எங்கேயோ பாறை வெடித்து வீடே ஒரு குலுங்கு குலுங்கும். அலமாரியில் தட்டுகள் பேசிக்கொள்ளும். அந்த நேரம் என் கணவர் கீழே இருந்தால் நான் வாசலுக்கு ஓடிவந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மற்ற வாசல்களிலும் பெண்கள் நிற்பார்கள். யாரும் பேசமாட்டோம். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருத்தியாக உள்ளே போவோம். போய், அடுக்கி வைத்த பாத்திரத்தை எல்லாம் இறக்கி நான் மறுபடியும் அடுக்குவேன்.

அவரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மாரிகுப்பம் ஸ்டேஷன் பக்கம் குடியிருந்த ஒரு ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது வாங்கிய கிடார் அது. யாரும் சொல்லித்தரவில்லை. ரேடியோவில் கேட்டுக் கேட்டுத் தானே பிடித்துக்கொண்டார். சுரங்கத்தில் முட்டுக்கொடுக்கும் மரத்தைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல்களுக்கு இரும்புக் கம்பி ஒன்றும் செய்யாது. பழைய சோப்புப் பெட்டியை வெட்டித் தேய்த்து ஒரு சின்ன வில்லை செய்து வைத்திருந்தார். அதை வைத்துத்தான் தட்டுவார்.

நாடகத்துக்கான அந்த மெட்டை அவர் கட்டியது காலை வேளைகளில். நான் அடுப்பு மூட்டும்போது பாயில் உட்கார்ந்து ஆரம்பிப்பார். ஒரே கம்பியை மூன்று தரம் தட்டிவிட்டு மேலே ஏறும். ஏறினது இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பக்கவாட்டில் எங்கேயோ போகும். கேட்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இருக்கும்.

"இன்னாங்க, இது வீட்டுக்கே திரும்பி வரமாட்டேங்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்துட்டா அப்புறம் எதுக்கு வாசிக்கிறது?" என்றார்.

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் மைக் செட் கடை வைத்திருந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் லைன் படிப்பகத்துக்குச் சாமான்களோடு வந்தார். கல்யாண வீடுகளில் பாட்டுப் போடுகிற ஆம்ப்ளிஃபயர், மூன்று மைக், ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர். மில் சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களில் கோணிப்பையும், ஆண்கள் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளியும் கட்டினோம். அப்படியும் அது தரை வழியாக வந்தது.

கிடாருக்கு ஒரு மைக், ஆர்மோனியத்துக்கு ஒன்று, டோலக்குக்கு ஒன்று. டோலக் வாசித்தவன் பக்கத்து லைன் பையன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், என்னை வதினா என்பான். அண்ணி என்று அர்த்தம். மூன்று மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயரில் மூன்று குமிழ். எதைத் திருகினால் எது ஏறும் என்று காட்டிவிட்டு, "யார் பாத்துக்கறது?" என்று கேட்டார் மைக் செட்காரர். அவருக்கு நந்திதுர்க்கில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மற்ற எல்லார் கையிலும் வாத்தியம் இருந்தது. டீ கொண்டுபோயிருந்த என் கையில் மட்டும்தான் காலி டம்ளர்.

"நம்ம பொண்ணே பாத்துக்கும்" என்றார் மூத்தார்.

மைக் செட்காரர் காதில் மாட்டுகிற ஹெட்போனை என்னிடம் கொடுத்தார். "டேப்புல பச்சையா ஒரு கண்ணு கீது பாரும்மா. அது மூடிக்கினா சவுண்டு ஜாஸ்தி. மூடாம பாத்துக்க. எது முன்னாடி கேக்கணுமோ அத்த ஏத்து, மத்தத கொற. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான். ஹெட்போனை மாட்டியதும் எனக்கு உடம்பெல்லாம் சில்லென்றது. தினமும் பாயில் உட்கார்ந்து அவர் வாசித்ததுதான். ஆனால் அந்த வில்லை கம்பியில் படும் சின்ன ஓசை, விரல் கம்பி மேல் நகரும்போது வரும் கீச்சு, அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது, எல்லாம் என் மண்டைக்குள் நடந்தது. இத்தனை பேருக்கு நடுவில் என் புருஷன் மூச்சு விடுவதை நான் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வெட்கமாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு மூத்தார் துருத்தியை அமுக்கினார். கிடார் காணாமல் போயிற்று.

ஆர்மோனியம் அப்படிப்பட்டது. அவர் வாசிப்பதும் அப்படி. பத்து விரலும் கட்டையில் இருக்கும். நாடகக் கொட்டகையில் மைக் இல்லாத காலத்தில் கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று பழகியவர். பச்சைக் கண் இறுக்கி மூடிக்கொண்டது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆர்மோனியத்தின் நடுக்குமிழைக் குறைக்க வேண்டும். கை அதன் மேல் போயிற்று. எதிரே மூத்தார் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் நான் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை. அவர் ஆர்மோனியத்தை நான் எப்படிக் குறைப்பது? பச்சைக் கண் திறக்க வேண்டுமே என்று கிடாரைக் குறைத்தேன். டோலக்கையும் குறைத்தேன். கண் பாதி திறந்தது.

போட்டுக் கேட்டோம். மூத்தாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பலே" என்றார். டோலக் பையன் "வதினா, நான் வாசிச்சேனா இல்லியா?" என்று கேட்டான். என் கணவர் எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் குசுகுசுவென்று ஆரம்பித்தார்.

"திருகு உன் கைலதானே இருந்துச்சு?"

"மாமா ஆர்மோனியப் பொட்டிய நான் எப்படிங்க கொறைக்கறது?"

"கொறைக்கறதுக்கு இன்னா? ஒரு திருகு."

"அவரு உங்க அண்ணன்தானே. கொறச்சு வாசிண்ணேன்னு நீங்க சொல்லுங்க."

அவர் தட்டியைப் பார்த்தார். அந்தப் பக்கம் மூத்தார் சாப்பிட்டுக்கொண்டே தான் வாசித்ததை வாயால் பாடிக்கொண்டிருந்தார். என் கணவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். அவராலே முடியாததை என் கையில் விட்டுவிட்டு என் மேல் எரிந்து விழுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் அவர் கிடாரைத் தொடவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் காரணமில்லாமல் குழாயடிக்கு நாலு நடை நடந்தேன். காற்று வந்தால், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி பறந்து வந்து ஈரத் துணியில் எல்லாம் ஒட்டும். துணியை உதறுவேன், மறுபடியும் அலசுவேன். கண்ணை மூடினால் அந்த நடுக்குமிழ்தான். குழாயடியில் ஓரகத்தியிடம் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, டேப்புல மாமா பொட்டி கொஞ்சம் தூக்கலா கேக்குது."

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சிரித்தாள். "நான் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து தூக்கலாதாண்டி கேக்குது. எனக்கு இன்னா திருகா கொடுத்தாங்க?" என்றவள், கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி, "உனக்குக் கொடுத்துகிறாங்க. ஆனா அவரு மனசு நோவாம பாத்துக்க" என்றாள்.

டேப்பில் ஒரு இடத்தில் யாரோ இருமியது பதிந்திருந்தது. அதனால் அடுத்த ஞாயிறு இன்னொரு தரம் எடுப்பது என்று மூத்தாரே சொன்னார். அந்த இருமலுக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

இந்தத் தடவை மைக் செட்காரர் சாமான்களை மாட்டிக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு குமிழ்களின் முன்னால் உட்கார்ந்தேன். ஆரம்பித்தார்கள். மூன்று தட்டு, பிறகு ஏற்றம். ஆர்மோனியம் எழுந்தது. நான் குனியவில்லை. மூத்தாரைப் பார்த்துக்கொண்டே நடுக்குமிழை மெல்லத் திருகினேன். அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை. என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். விரல்கள் நிற்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் குறைத்தேன். கிடார் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குவது போல மேலே வந்தது.

போட்டுக் கேட்டோம். முடிந்ததும் மூத்தார் கேட்டார்.

"என் பொட்டி எங்கம்மா?"

"இருக்குது மாமா. கிடாருக்குக் கீழ இருக்குது."

"கீழ."

"ஆமா மாமா."

அவர் எழுந்தார். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படிப்பகத்தை விட்டு வெளியே போனார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. டோலக் பையன் டோலக்கின் கயிற்றை இழுத்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான். எனக்கு நாற்காலியில் இருப்பு கொள்ளவில்லை. ஜன்னல் கம்பளியை விலக்கிப் பார்த்தேன். மூத்தார் எதிரே வேப்பமரத்தடியில் நின்று எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகம் போயிற்று, குடும்பமும் பிரிந்தது, நாளைக்கே குடியாத்தத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று என்னென்னவோ ஓடியது.

அவர் திரும்பி வந்தார். நேரே என்னிடம்தான்.

"அந்தக் காதுல மாட்டறத குடு."

கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். "தம்பி, நீ வாசி. பொட்டி வேணாம். அந்தப் பையனும் நீயும் வாசிங்க, நான் பாக்கறேன்" என்றார்.

என் கணவர் வாசிக்க ஆரம்பித்தார். மூத்தாருடைய முகம் மாறிய விதம் எனக்கு நினைவிருக்கிறது. வாய் லேசாகத் திறந்தது. தம்பி மூச்சு விடுவது அவருக்கும் கேட்டிருக்கும். கிடார் குமிழைக் கொஞ்சம் ஏற்றினார். இன்னும் கொஞ்சம். இன்னும். பச்சைக் கண் மூடிக்கொண்டது, அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஹெட்போனுக்கு வெளியே நின்ற எனக்கே கரகரவென்று உடைகிற சத்தம் கேட்டது. அவர் அதையும் பொருட்படுத்தாமல் ஏற்றிக்கொண்டே போனார். எனக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டி அவர் விரலுக்குப் பக்கத்திலேயே குமிழைப் பிடித்துக் குறைத்துவிட்டேன்.

"ஏம்மா, அதையும் கொறைக்கிற?"

"ஒடையுது மாமா."

"ஒடையட்டுமே. நல்லா கேக்குதில்ல?"

டோலக் பையன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் என் கணவர். மூத்தார் சிரிக்கவில்லை, ஆனால் ஹெட்போனைக் கழற்றவும் இல்லை. அதை அப்படியே போட்டுக் கேட்டோம். முதல் பாதி நொறுங்கல். பின் பாதி தெளிவு. ஆனால் அந்தத் தெளிவில் ஏதோ குறைந்தது. கிடாரின் ஒலி தட்டியவுடன் தேய்ந்துவிடும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஆர்மோனியம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது, அது இல்லாமல் அந்த இடைவெளிகளில் மில் சத்தம்தான் கேட்டது. அவர் தம்பியிடமே கேட்டார்.

"பொட்டி இல்லாம நிக்கமாட்டேங்குது, இல்ல?"

"நிக்கமாட்டேங்குதுண்ணே" என்றார் என் கணவர். அது முகத்துக்காகச் சொன்னதில்லை.

மூத்தார் ஆர்மோனியத்தைத் தூக்கினார். அறையின் மறுகோடிக்குப் போய், செய்தித்தாள் அடுக்கி வைத்திருந்த மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போன பையனை "அது அங்கியே இருக்கட்டும்டா" என்று தடுத்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்.

"நீ கொறைக்க வேணாம்மா. நானே தள்ளி உக்காந்துக்கறேன்."

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வாசித்தார்கள். இவ்வளவு தள்ளிப் போனதில் ஆர்மோனியம் தேவைக்கு மேலேயே அடங்கிவிட்டது. நடுக்குமிழை ஏற்றினேன். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கிடார் அந்த இறங்காத இடத்துக்கு வந்தபோது ஆர்மோனியத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், அது முடிந்ததும் குறைத்தேன். கை ஒரு இடத்தில் நிற்காத எனக்கு அன்றைக்குத்தான் சரியான வேலை கிடைத்தது. பாதியில் கீழே எங்கேயோ வெடித்து ஜன்னல் அதிர்ந்தது. பையனுடைய தாளம் ஒரு கணம் தடுமாறியது. என் கணவர் நிறுத்தவில்லை, மூத்தாரும் நிறுத்தவில்லை. முடித்த பிறகுதான் மூன்று பேரும் வாசலுக்குப் போய் ஷாப்ட் பக்கம் பார்த்தார்கள். விபத்துச் சங்கு ஊதவில்லை. திரும்பி வந்து, இதுதான், இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

நாடகத்தன்று மைதானத்தில் கூட்டம். பெண்கள் பக்கம் ஓரகத்தியோடு பாயில் உட்கார்ந்திருந்தேன். திரைக்குப் பின்னால் மூத்தார் ராஜாவாக நின்றுகொண்டிருந்தார். என் கணவர் அந்நேரம் எங்கள் காலுக்குக் கீழே எவ்வளவோ ஆழத்தில் மரம் தூக்கிக்கொண்டிருந்திருப்பார். டேப் ஓடத் தொடங்கியது. மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் வழியாக வந்தது எங்கள் இசைதானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. கிடார் தகரம்போல் இருந்தது. ஆர்மோனியம் மூக்கால் பேசியது. டோலக் மட்டும் டும் டும் என்று ஊரைக் கூட்டியது. குழந்தைகள் கத்தின, கடலை விற்கிறவன் கத்தினான், யாரோ யாரையோ முன்னால் உட்காரச் சொல்லிச் சண்டை போட்டார்கள்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மேடையோரம் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த இடத்துக்கே போய்விட்டேன்.

"கிடார கொஞ்சம் ஏத்துங்க அண்ணே" என்றேன் மைக் செட்காரரிடம்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அது இப்ப முடியாதும்மா. எல்லாம் ஒண்ணா சேந்து டேப்புல போயிடுச்சு. இப்ப ஒரே திருகுதான். ஏத்தினா எல்லாம் ஏறும், எறக்கினா எல்லாம் எறங்கும்."

திரை விலகியது. மூத்தார் கிரீடத்தோடு வந்து நின்றார். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் இசையின் கடைசிப் பகுதி யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் காலை என் கணவர் கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எப்படி கேட்டுச்சு?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். "டோலக் நல்லா கேட்டுச்சு" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் மூத்தார் விழித்துவிட்டார். "இன்னாடா சிரிப்பு காலங்காத்தால?" என்று குரல் வந்தது.

"டோலக்தான் கேட்டுச்சாம்ணே."

மூத்தார், "அந்தப் பையன அடுத்த வருஷம் வெளிய உக்கார வெச்சு வாசிக்க சொல்லணும்" என்றார். ஓரகத்தி அடுப்பங்கரையிலிருந்து என்னவோ சொன்னாள், சரியாகக் கேட்கவில்லை. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஸ்பூலை மைக் செட்காரர் திரும்ப எடுத்துப்போய், அடுத்த கல்யாண சீசனுக்கு அதன் மேல் வேறு பாட்டு பதிந்துகொண்டார். நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அதற்குள் என் கணவர் அந்த மெட்டைக் கலைத்துவிட்டிருந்தார். நாடகத்துக்கு மறுநாள் காலையே பாயில் உட்கார்ந்து, மூன்று தட்டு வேண்டாம், இரண்டு போதும் என்று தொடக்கத்தை மாற்ற ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் நடுப்பகுதியும் மாறியது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்மோனியம் மெதுவாக, நாடகக் கொட்டகைப் பழக்கமெல்லாம் விட்டு, அதோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கும். கொஞ்சம் வாசித்துவிட்டு நின்று, மூத்தார் என்னிடம் கேட்பார்.

"சவுண்டு போதுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க மாமா" என்பேன்.